மோன்பிரேயிலிருந்து மௌப்ரேஸ் ரோடு வரை

ஆழ்வார்ப்பேட்டையில் இரண்டு மூன்று தலைமுறையாகக் கைமாறி வந்த வீட்டின் தாய்ப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில், சொத்து விவரத்தின் கீழ், நான்கெல்லை எழுதியிருக்கும். வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் மனை, கிழக்கே சந்து, மேற்கே மௌப்ரேஸ் ரோடு. பிற்காலப் பத்திரங்களில் அதே வரி கொஞ்சம் நீண்டிருக்கும்: முன்பு மௌப்ரேஸ் ரோடு என்றும் தற்போது டி.டி.கே. சாலை என்றும் வழங்கும் சாலைக்குக் கிழக்கு. எல்லையில் குழப்பம் வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பத்திர எழுத்தர் சேர்க்கும் வரி இது. அந்த வரிக்குள் உட்கார்ந்திருக்கும் பெயர் பிரான்சின் ஒரு சிற்றூரில் புறப்பட்டு, எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்து ஆழ்வார்ப்பேட்டைக்கு வந்து சேர்ந்தது.

புறப்பட்ட இடம் மோன்பிரே. பிரான்சின் வடமேற்கே, நார்மண்டியில், மான்ஷ் மாவட்டத்தில் இருக்கிறது. இன்றும் சில நூறு பேர் மட்டுமே வாழும் கிராமம். பதினோராம் நூற்றாண்டில் அந்த ஊரை ஆண்ட குடும்பத்துக்கு ஊர்ப்பெயரே குடும்பப் பெயர் ஆனது. நம்மூரில் பெயருக்கு முன்னால் ஊரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்ளும் வழக்கம்தான் அங்கேயும். அந்தக் குடும்பத்து ஜெஃப்ரி என்பவர் 1049-ல் கூத்தான்ஸ் நகரத்தின் பிஷப் ஆனார். அவர் காலத்தில் எழுந்த பேராலயம் 1056-ல் அர்ப்பணிக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து அதே பிஷப், நார்மண்டிப் பிரபு வில்லியமோடு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார். 1066-ல் ஹேஸ்டிங்ஸ் போரில் வில்லியம் வென்று அரசரானதும், உடன்வந்தவர்களுக்கு நிலம் பங்கு வைக்கப்பட்டது. ஜெஃப்ரிக்குக் கிடைத்தவை சுமார் 280 பண்ணைக் கிராமங்கள். 1086-ல் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கில் அவர் இங்கிலாந்தின் பெரிய நிலக்கிழார்களில் ஒருவர்.

இந்தச் சொத்து அவருடைய சகோதரர் மகன் ராபர்ட்டுக்கு வந்தது. அவரை மௌப்ரே என்று ஆங்கிலேயர் நாக்குக்கு ஏற்பச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ராபர்ட் வடக்கே நார்தம்பர்லாந்தின் பிரபு. 1093-ல் ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் மால்கம் படையெடுத்து வந்தபோது, ஆல்னிக் அருகே ராபர்ட்டின் ஆட்கள் மறைந்திருந்து தாக்கி அவரைக் கொன்றார்கள். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தின் முடிவில் முடிசூடும் மால்கம் இவர்தான். வெற்றி பெற்ற ராபர்ட் இரண்டே ஆண்டில் தன் அரசருக்கு எதிராகக் கலகம் செய்து பிடிபட்டார். விண்ட்சர் கோட்டையில் நெடுங்காலம் சிறை. நிலமெல்லாம் பறிமுதல்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அரசர் முதலாம் ஹென்றி பறிமுதல் செய்த நிலங்களை நைஜல் தொபினி என்ற விசுவாசிக்குக் கொடுத்தார். சிறையில் கிடந்த ராபர்ட்டின் மனைவியும் அந்த மணத்தை முறித்து நைஜலுக்கு மணம் முடிக்கப்பட்டார். பிறகு நைஜல் அவரையும் விலக்கிவிட்டு குந்த்ரேதா என்ற பெண்ணை மணந்தார். அந்த மணத்தில் பிறந்த மகன் ரோஜர். தந்தை வழியில் பார்த்தால் அவர் தொபினி. ஆனால் மௌப்ரே நிலங்களை ஆள்பவர் மௌப்ரே என்றே அழைக்கப்பட வேண்டும் என்பது அரச கட்டளை. ரோஜர் தொபினி ரோஜர் மௌப்ரே ஆனார். பிற்காலத்தில் பாரன்களும் எர்ல்களும் டியூக்குகளுமாகப் பெருகிய மௌப்ரேக்கள் அனைவரும் இவர் வழி வந்தவர்கள். மகன் தந்தை பெயரைச் சுமக்கிறான் என்று நாம் நினைக்கிறோம். இங்கே நிலம் ஒரு பெயரைச் சுமந்தது, நிலத்துக்கு வந்தவர்கள் அதை எடுத்துச் சூடிக்கொண்டார்கள். சென்னைவரை இந்தப் பெயர் வந்ததும் இதே விதத்தில்தான் என்பது என் எண்ணம்.

ரோஜர் போர்க்களத்திலேயே வாழ்ந்தவர். 1138-ல் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு எதிரான ஸ்டாண்டர்டு போரில் இளைஞராக நின்றார். முதுமையில் சிலுவைப் போருக்குப் போய், 1187-ல் ஹத்தீன் களத்தில் சலாவுதீன் படையிடம் சிறைப்பட்டார். மீட்புப் பணம் கட்டி விடுவிக்கப்பட்டு, மறு ஆண்டே அந்த மண்ணில் இறந்தார். தாயும் மகனுமாக நிறுவிய பைலண்டு மடத்தின் இடிந்த சுவர்கள் யார்க்‌ஷயரில் இன்னும் நிற்கின்றன. அந்தப் பக்கத்துச் சமவெளிக்கே மௌப்ரே பள்ளத்தாக்கு என்று பெயர். லெஸ்டர்‌ஷயரில் மெல்டன் மௌப்ரே என்று ஒரு சந்தை ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பன்றிக்கறிப் பணியாரம் இங்கிலாந்தில் பெயர்போனது. குடும்பம் போன பிறகும் ஊர்கள் பெயரை விடவில்லை.

1215-ல் மாக்னா கார்ட்டா சாசனத்தை அரசர் மீறாமல் கண்காணிக்க நியமித்த 25 பிரபுக்களில் வில்லியம் மௌப்ரே ஒருவர். 1322-ல் ஜான் மௌப்ரே கலகக் குற்றத்துக்காக யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டார். 1397-ல் தாமஸ் மௌப்ரே நார்ஃபோக் டியூக் பட்டம் பெற்றார். குடும்பம் ஏறிய உச்சி அதுதான். அடுத்த ஆண்டே, பின்னாளில் நான்காம் ஹென்றியாக அரசேறிய போலிங்புரோக்குடன் மூண்ட சண்டையில் அரசர் இரண்டாம் ரிச்சர்டு அவரை ஆயுள் முழுக்க நாடு கடத்தினார். 1399-ல் வெனிஸ் நகரில் இறந்தார். ஷேக்ஸ்பியரின் இரண்டாம் ரிச்சர்டு நாடகம் இந்தச் சண்டையோடுதான் தொடங்குகிறது.

இத்தனை பேரையும் வேகமாகக் கடந்து வந்தது ஒரு குழந்தையின் முன்னால் நிற்பதற்காக. நான்காவது டியூக் 1476-ல் ஆண் வாரிசில்லாமல் இறந்தார். இருந்தது ஒரே மகள், ஆன் மௌப்ரே. 1478 ஜனவரியில் அரசர் நான்காம் எட்வர்டு தன் இளைய மகன் ரிச்சர்டுக்கு அவளைக் கட்டிவைத்தார். மணப்பெண்ணுக்கு வயது ஐந்து. மாப்பிள்ளைக்கு நான்கு. மௌப்ரே சொத்து அரச குடும்பத்துக்கு வர வேண்டும் என்பதற்காக நடந்த கல்யாணம். 1481-ல், ஒன்பது வயது நிரம்பும் முன்பே, ஆன் இறந்தாள். அந்தச் சிறு மாப்பிள்ளை 1483-ல் அண்ணனோடு லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டு, பிறகு வெளியே யார் கண்ணிலும் படவில்லை. அவர்களுடைய சித்தப்பா மூன்றாம் ரிச்சர்டு அரசரானார். டியூக் பட்டம், தாய் வழியில் மௌப்ரே ரத்தம் இருந்த ஜான் ஹோவர்டுக்குப் போனது. இன்றைய நார்ஃபோக் டியூக்குகள் அந்த ஹோவர்டு வம்சத்தினர்.

1964 டிசம்பரில் கிழக்கு லண்டனின் ஸ்டெப்னி பகுதியில் கட்டடம் கட்டத் தோண்டிய தொழிலாளர்களின் இயந்திரம், மண்ணுக்கடியில் புதைந்திருந்த ஒரு நிலவறையில் இடித்தது. உள்ளே ஒரு சிறிய ஈயப் பேழை. மேலிருந்த தகட்டில் பெயர் இருந்தது. நார்ஃபோக் டச்சஸ் ஆன். முன்பு அந்த இடத்தில் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. பேழைக்குள் குழந்தையின் எலும்புகளோடு செம்பட்டை முடியும் மிச்சமிருந்தது. ஆராய்ச்சியாளர்கள் பார்த்து முடித்த பின், 1965 மே மாதம், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் மீண்டும் அடக்கம் செய்தார்கள். நிலத்துக்காக மணம் முடிக்கப்பட்ட குழந்தைக்குக் கடைசியில் கிடைத்த நிலம் அவ்வளவுதான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

நேர்வாரிசு அற்றுப்போனாலும் மௌப்ரே என்ற பெயர் கிளைகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்தில் முன்பே ஒரு கிளை வேரூன்றி, எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டது. 1314-ல் பானக்பர்ன் போர் மூளக் காரணமாக இருந்த ஸ்டர்லிங் கோட்டை, ஃபிலிப் மௌப்ரே என்பவர் பொறுப்பில்தான் இருந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் எழுதுகிற அதே எழுத்துக்கூட்டலில் பெயர் கொண்ட ஒருவர் 1771-ல் சென்னைக்கு வந்தார். ஜார்ஜ் மௌப்ரே. கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் கணக்கர்.

அந்தக் காலத்துச் சென்னையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் கோட்டைச் சுவருக்குள் நெருங்கி வாழ்ந்தவர்கள். 1769-ல் ஹைதர் அலியின் குதிரைப் படை பரங்கிமலை வரை வந்து, சென்னை அரசைச் சமாதானத்துக்கு இணங்க வைத்தது. 1780-ல் மறுபடியும் வந்தார். பயம் ஓய ஓயத்தான் பணம் சேர்த்தவர்கள் தெற்கே நகர்ந்தார்கள். மயிலாப்பூருக்கும் பரங்கிமலைச் சாலைக்கும் நடுவில், வயலும் தோப்பும் ஏரியுமாகக் கிடந்த வெளியில் தோட்ட வீடுகள் எழுந்தன. நடுவில் வீடு, சுற்றிலும் ஏக்கர் கணக்கில் மரங்கள். மௌப்ரே அடையாற்றின் வடகரையில் நூறு ஏக்கருக்கும் மேல் நிலம் வாங்கி வீடு கட்டினார். அதன் உச்சியில் ஒரு கும்மட்டம் வைத்தார். அந்தக் கும்மட்டத்தால் வீட்டுக்கே மௌப்ரே குப்போலா என்று பெயர் வந்தது.

ஆற்றங்கரையில் இருந்த அந்தத் தோட்டத்துக்கு வடக்கே ராயப்பேட்டையிலிருந்து ஒரு பாதை போனது. மௌப்ரே தோட்டத்துக்குப் போகும் பாதை என்று சொல்லிச் சொல்லி அது மௌப்ரேஸ் ரோடு ஆயிற்று. இதில் எனக்குப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. கணக்கர் தன் பெயரை எழுதிய விதம் வேறு. பிற்காலத்தில் சாலைப் பலகை எழுதியவர்கள் அதை இங்கிலாந்து டியூக்குகள் எழுதிய விதத்திலேயே எழுதிவிட்டார்கள். நாம் அதை மௌப்ரேஸ், மவுப்ரீஸ் என்று வாய்க்கு வந்தபடி சொன்னோம். கைவண்டிக்காரர், பேருந்து நடத்துநர், தபால்காரர் எல்லோர் வாயிலும் புழங்கிய பிறகு அது முழுக்க நம்முடைய பெயர் ஆகிவிட்டது. ஹத்தீன் களத்தில் சிறைப்பட்ட ரோஜரையோ வெனிஸில் இறந்த தாமஸையோ அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

வீட்டின் கதையையும் சொல்ல வேண்டும். 1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் ஐரோப்பிய ஆண்களுக்கு மட்டுமானது. மவுண்ட் ரோடு பக்கம் பெரிய கட்டடத்தில் இயங்கியது. பெண்களும் வந்து பழகக்கூடிய இடம் வேண்டும் என்று சிலர் 1890-ல் அடையாறு கிளப்பைத் தொடங்கினார்கள். அந்தக் கிளப்புக்கு இருப்பிடமாக அமைந்தது மௌப்ரேயின் வீடு. நாடு விடுதலை பெறும் நேரத்தில் மெட்ராஸ் கிளப் தன் பழைய வளாகத்தை விற்றது. வாங்கியவர் ராம்நாத் கோயங்கா. இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகை அங்கே பல ஆண்டு இயங்கியது. இன்று அந்த இடத்தில் எக்ஸ்பிரஸ் அவென்யூ நிற்கிறது. இடம் இழந்த மெட்ராஸ் கிளப் 1963-ல் அடையாறு கிளப்போடு இணைந்து, மௌப்ரேயின் கும்மட்ட வீட்டுக்குக் குடிவந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தோட்ட வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்கு மாடிகளாகிப்போன இந்த நகரத்தில், ஒன்றாவது ஆற்றைப் பார்த்து நிற்பது கிளப்காரர்கள் செய்த நன்மை. வீட்டுக்குப் போகும் சிறிய தெருவுக்கு அடையாறு கிளப் கேட் ரோடு என்று பெயர். அங்கேகூட மௌப்ரே இல்லை.

அந்தத் தெருவிலிருந்து வெளியே வந்து மேற்கே போனால் வருவது சேமியர்ஸ் ரோடு. போட் கிளப் பக்கமாகச் சென்று நந்தனம் சிக்னலில் முடிகிறது. மௌப்ரேஸ் ரோடும் இதில்தான் வந்து சேரும். ஆகவே பிரெஞ்சு மூலம் கொண்ட இரண்டு பெயர்கள் ஒரே முனையில் சந்தித்துக்கொண்டிருந்தன. சேமியர்கள் பிரபுக்கள் அல்லர். பிரான்சின் தெற்கே வாழ்ந்த புராட்டஸ்டண்டு போதகர் குடும்பம். தானியல் சேமியர் மோன்பெலியே நகரில் கல்விக் கழகம் அமைத்தவர். 1621-ல் மோந்தோபான் நகரை அரசப் படை முற்றுகையிட்டபோது பீரங்கிக் குண்டு பட்டு இறந்தார். 1685-ல் பதினான்காம் லூயி புராட்டஸ்டண்டு மக்களின் உரிமைகளை ரத்து செய்ததும் பல்லாயிரம் குடும்பங்கள் நாட்டைவிட்டு ஓடின. சேமியர் குடும்பமும் லண்டன் போய்ச் சேர்ந்தது. அந்த வழியில் வந்த ஆண்டனி சேமியர், அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனின் நண்பர், பாராளுமன்ற உறுப்பினர். பிள்ளை இல்லாதவர். 1780-ல் அவர் இறந்தபோது சொத்து மருமகன் முறையான ஜான் தெஷாம் என்பவருக்குப் போனது. சேமியர் என்ற பெயரை ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர் ஜான் எசக்கியல் சேமியர் ஆனார், சென்னை கவர்னரின் ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருந்தார். பின்னர் அதே குடும்பத்து ஹென்றி சேமியர் சென்னை அரசின் தலைமைச் செயலாளர்.

ரோஜர் தொபினி நிலத்துக்காக மௌப்ரே ஆனதற்கும் ஜான் தெஷாம் சொத்துக்காகச் சேமியர் ஆனதற்கும் நடுவில் சுமார் 650 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. வழக்கம் மாறவில்லை.

நந்தனத்துக்கே பெயர் வந்த கதையும் சிறியதல்ல. 1952-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது இங்கே குடியிருப்பு உருவானது. அந்தத் தமிழாண்டு நந்தன ஆண்டு. தோட்டமாகக் கிடந்த இடம் என்ற பொருத்தமும் சேர, நந்தனம் என்று அவர் பெயர் வைத்தார். தோட்ட வீடுகளின் காலம் முடிந்து நடுத்தர மக்களின் வீடுகள் வந்த காலத்துக்குச் சரியான பெயர். இன்று நந்தனம் சிக்னலில் தேவர் சிலை நிற்கிறது. சேமியர்ஸ் ரோட்டின் அதிகாரப்பூர்வப் பெயர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை. மௌப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலை.

இந்த மாற்றங்களை நான் எதிர்ப்பவன் அல்லன். கம்பெனியின் கணக்கர் பெயரை ஒரு நகரம் என்றைக்கும் சுமக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928-ல் தொழில் தொடங்கியவர், இருமுறை மத்திய நிதியமைச்சர். அந்தச் சாலையின் வடகோடியில் நிற்கும் மியூசிக் அகாடமியின் அரங்கத்துக்கும் அவர் பெயர்தான். 1955-ல் நேரு அடிக்கல் நாட்டிய அரங்கம் அது. மார்கழியில் அகாடமியிலிருந்து நாரத கான சபா வரை இதே சாலையில் கச்சேரிக்குக் கச்சேரி ஓடும் ரசிகர்களுக்கு, டி.டி.கே. என்ற மூன்றெழுத்து மௌப்ரேயைவிட நெருக்கமானது. அதில் முதல் எழுத்து எதைக் குறிக்கிறது தெரியுமா? திருவள்ளூர். முத்துராமலிங்கத் தேவரின் பெயருக்கு முன்னால் வரும் பசும்பொன், இராமநாதபுரம் சீமையின் ஒரு கிராமம். மோன்பிரே என்ற ஊரின் பெயர் இறங்கிய பலகையில் திருவள்ளூர் ஏறியிருக்கிறது. ஊர்ப்பெயர் போய் ஊர்ப்பெயர் வந்தது. இந்த மாற்றத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பழைய பெயரை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவது வேறு, பழையதையும் குறித்து வைத்துக்கொண்டு புதியதை எழுதுவது வேறு. மால்கமைக் கொன்ற ராபர்ட், பெயரை மாற்றிக்கொண்ட ரோஜர், ஈயப் பேழையில் கிடந்த சிறுமி, அடையாற்றங்கரையில் கும்மட்டம் வைத்த கணக்கர் எல்லோரையும் ஒரே சரட்டில் கோத்துச் சென்னையோடு கட்டி வைத்திருந்தது அந்த ஒரு சாலைப் பெயர்தான். சாலைப் பலகையில் டி.டி.கே. சாலை என்ற பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் முன்னாள் மௌப்ரேஸ் ரோடு என்று மாநகராட்சி எழுதினால் டி.டி.கே.யின் பெருமை ஒரு துளியும் குறையாது. தேவர் சாலைப் பலகையில் சேமியருக்கும் அப்படி ஒரு வரி கொடுக்கலாம். பத்திர எழுத்தர் செய்வதைத்தான் கேட்கிறேன்.

பலகை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்தப் பகுதியில் வாழ்ந்த குடும்பங்களின் பரணில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்கும். மௌப்ரேஸ் ரோடு என்று விலாசம் போட்ட அஞ்சல் அட்டைகள், கடை ரசீதுகள், பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், வீட்டு வரிச் சீட்டுகள் இருக்கும். வீடு மாற்றும்போதோ இடிக்கும்போதோ அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு புகைப்படமாவது எடுத்து, தேதியோடும் கதவு எண்ணோடும் எழுதி வைத்துவிட்டு, மூலத்தை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் ஆவணக் காப்பகத்திடம் காட்டி, பாதுகாத்து வைப்பார்களா என்று கேளுங்கள்.